பூக்கட்டும் பையன் எங்கே போனான்? – நாவலும் திரைப்படமும்: ஒரு வகுப்பறைப் பகிர்வு



முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் பற்றி வகுப்பில் பல வருடங்களாகப் பேசி வந்திருக்கிறேன். “தமிழ்ப் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டிய நாவல்” என்று மாணவர்களிடம் சொல்லாத ஆண்டே இல்லை. ஆனால் 2023 வரை நான் அதை முழுசாகப் படித்ததில்லை. முதல் பாகத்தை முடித்து, இரண்டாம் பாகத்தின் நடுவில் நிறுத்திவிட்டவள் நான். அப்புறம் டிப்ளோமா, வேலை, கல்யாணம், பிள்ளைகள். மீதிக் கதையை அங்கே இங்கே கேட்டதை வைத்துச் சமாளித்துக்கொண்டேன். நம்மில் இன்னும் சிலருக்கும் இந்த அனுபவம் இருக்கலாம். தமிழாசிரியர் என்பதால் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

என்னை அந்த நாவலின் கடைசிப் பக்கம் வரை இழுத்துப் போனது ஒரு மாணவன் கேட்ட கேள்வி. நாவல் படமாகும்போது நாம் என்ன பார்க்க வேண்டும், மாணவர்களிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அந்தக் கேள்வி எனக்கு மாற்றிக் காட்டியது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சனிக்கிழமை வகுப்பு

எங்கள் இடைநிலைப்பள்ளியில் இலக்கிய வகுப்பு சனிக்கிழமைதான். தோட்டத்துப் பக்கமிருந்து மூன்று நான்கு பேர், தாமான் வீடுகளிலிருந்து மீதிப் பேர், எல்லாருமாகச் சேர்ந்து பதினொரு பேர். மணிரத்னம் இயக்கிய படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ஆம் தேதியும் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ஆம் தேதியும் வந்தன. இரண்டாம் பாகம் வந்த சில வாரங்களில், சூடு ஆறுவதற்குள் ஒரு பாடம் நடத்திவிடலாம் என்று எண்ணினேன். பதினொரு பேரில் ஒன்பது பேர் சுங்கைப்பட்டாணியில் தியேட்டருக்கே போய்ப் பார்த்திருந்தார்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதனால் முதல் சில அத்தியாயங்களை நகலெடுத்துக் கொடுத்து, எல்லாரும் கொடுக்கும் அதே பயிற்சியைத்தான் நானும் கொடுத்தேன்: ‘நாவலுக்கும் திரைப்படத்திற்கும் உள்ள வேறுபாடுகளைப் பட்டியலிடுக.’

பட்டியல் வந்தது. ஒருத்தி பதினெட்டு வேறுபாடு எழுதியிருந்தாள். நாவல் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது, படம் ஆதித்த கரிகாலனின் போர்க்களத்தில் தொடங்குகிறது. இப்படி எல்லாமே சரியான பதில்கள்தான். திருத்தி மதிப்பெண் போட்டேன். ஆனால் படித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கடையில் சாமான் கணக்கு எழுதின மாதிரி இருந்தது. இதற்கு உயர்நிலைச் சிந்தனை என்று பெயர் வைத்தால் நாமே சிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பின்வரிசையில் ஒரு பையன். செம்பனைத் தோட்டத்திலிருந்து வருகிறவன். வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் தடுமாறுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அதனால் நான் அவனை வாசிக்கச் சொல்வதையே விட்டுவிட்டேன். எல்.சி.டி. கம்பியை மாட்டுவது, ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பது அவனுடைய வேலை. அவன் பட்டியல் எழுதவில்லை. ஆனால் மணி அடிக்கும் நேரத்தில் கேட்டான்:

“டீச்சர், அந்தச் சேந்தன் அமுதன் கடைசியில எங்க போனான்? வந்தியத்தேவனுக்கு அவ்ளோ உதவி செஞ்சான். அப்புறம் ஆளையே காணோமே.”

“அவன் துணைப் பாத்திரம்தானேப்பா. படத்துல எல்லாருக்கும் நேரம் கொடுக்க முடியாது” என்றேன். பதில் தெரிந்தவள் மாதிரிதான் சொன்னேன். உண்மையில் எனக்கும் தெரியாது.

பாட்டி சொன்ன கதை

அன்றைக்கு ராத்திரி அது உறுத்திக்கொண்டே இருந்தது. பள்ளி விடுமுறையில் விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். ‘தியாகச் சிகரம்’ என்ற ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பகுதிக்கு வந்தபோது புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

படித்தவர்களுக்குத் தெரியும். முடிசூட்டு விழாவில் அருள்மொழிவர்மன் தன் தலைக்கு வந்த மகுடத்தைச் சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறான். தஞ்சைக்கு வெளியே நந்தவனம் வைத்து, கோயிலுக்குப் பூமாலை கட்டிக்கொடுத்து, தேவாரம் பாடிக்கொண்டிருந்த அந்தப் பையன் சோழ நாட்டுக்கு அரசனாகிறான். அவன் மணந்துகொண்ட பூங்குழலி, கோடிக்கரையில் படகு ஓட்டிய பெண், அரசியாகிறாள்.

நான் உட்கார்ந்துவிட்டதற்குக் காரணம் என் பாட்டி. பீடோங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவப் போனவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தாவுக்குத் தெரியும். கிராணி வீட்டிலிருந்து பழைய கல்கி இதழ்களை வாங்கி வந்து, சாயந்தரம் லயத்து வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாராம். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து கேட்பார்களாம். நான் படிவம் ஒன்றில் படிக்கும்போது ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். அட்டையைப் பார்த்துவிட்டு, “என்ன கதை அது?” என்று கேட்டார். பெயரைச் சொன்னேன்.

“ஓ, பூக்கட்டுற பையன் ராசாவான கதைதானே?” என்றார்.

“இல்ல பாட்டி, இது ராஜராஜ சோழன் கதை” என்று திருத்தினேன். பாட்டி ஏதோ நாடோடிக் கதையோடு குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை. “என்னமோ, தாத்தா அப்பிடித்தான் படிச்சாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாட்டி காலமாகிப் பல வருடங்களாகிவிட்டன. அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிய 2023 ஆக வேண்டியிருந்தது. அந்தப் பெரிய நாவலில் நந்தினி இருக்கிறாள், குந்தவை இருக்கிறாள், சதி, கொலை, கடற்புயல் எல்லாம் இருக்கின்றன. லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்ட ஒரு பெண்ணுக்கு அத்தனையும் போய், பூக்கட்டும் பையன் மட்டும் மனசில் தங்கியிருக்கிறான். படம் விட்டுவிட்டதும் அதே பையனைத்தான்.

படம் செய்தது தவறா?

உடனே படத்தைத் திட்டிவிட வேண்டாம். நியாயமாகப் பார்ப்போம்.

நாவல் 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகள் கல்கி வார இதழில் தொடராக வந்தது. வாசகர்கள் வாரா வாரம் காத்திருந்து படித்தார்கள். பாத்திரங்களோடு பழக அவர்களுக்கு நேரம் இருந்தது. படமோ இரண்டு பாகமும் சேர்த்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். எம்.ஜி.ஆர். 1950-களின் இறுதியில் இதைப் படமாக்க முயன்று முடியாமல் போனதை நினைத்தால், எடுத்து முடித்ததே பெரிய காரியம்.

இன்னொன்று, வரலாற்றை வைத்துப் பார்த்தால் படம்தான் கல்வெட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சுந்தர சோழருக்குப் பின் ஆட்சிக்கு வந்தவர் உத்தம சோழர். அவர் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன். அவருக்குப் பிறகுதான் 985-ல் ராஜராஜன். வரலாற்றில் இருப்பது ஒரே ஓர் உத்தம சோழர். கல்கி அவரை இரண்டாகப் பிரித்தார். அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் பொய்ப்பிள்ளை, வாய் பேசாத வாணி அம்மை வளர்த்த சேந்தன் அமுதனே உண்மைப் பிள்ளை என்று கதை கட்டினார். படம் இந்த ஆள்மாறாட்டத்தை எடுத்துவிட்டு, மதுராந்தகனையே அரசனாக்குகிறது. கதை சிக்கலில்லாமல் முடிகிறது. திரைக்கதை எழுதுகிறவர் பார்வையில் அது புத்திசாலித்தனமான முடிவுதான்.

படத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கரிகாலனும் நந்தினியும் கடம்பூர் மாளிகையில் நேருக்கு நேர் சந்திக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விக்ரம் முகத்திலும் ஐஸ்வர்யா ராய் முகத்திலும் இருக்கும் அந்தக் களைப்பை நான் நாவலில் இவ்வளவு நெருக்கமாக உணரவில்லை. பழைய காதல் ஒன்று இரண்டு பேரையும் உள்ளே அரித்துவிட்டது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் காட்ட முடிகிறது. அதற்காகத்தான் படம் போர்க்களத்தில் கரிகாலனோடு தொடங்குகிறது. அது அவனுடைய துயரக் கதை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

ஆனால் அந்த முடிவுக்கு ஒரு விலை இருக்கிறது. நாவலின் தொடக்கத்தில் கரிகாலன் காஞ்சியில் இருக்கிறான். பிறர் அவனைப் பற்றிப் பேசித்தான் நாம் கேட்கிறோம். நாம் முதலில் சந்திப்பது ஏரிக்கரையில் கூடிய ஜனங்களை, ஆற்றங்கரையில் சண்டை போடும் ஆழ்வார்க்கடியானை, குடந்தைச் சோதிடரை, வழியில் எதிர்ப்படும் சாதாரண ஆட்களை. வந்தியத்தேவனே சொந்தமாக நாடில்லாத ஒரு தூதுவன். அவனுடைய குதிரையில் ஏறிக்கொண்டு, வீதி வழியாக நடந்து நடந்து, அப்புறம்தான் நாம் அரண்மனைக்குள் நுழைகிறோம். படம் நம்மை நேராக அரண்மனையிலும் போர்க்களத்திலும் இறக்கிவிடுகிறது. வழியிலிருந்த ஆட்கள் குறைந்துவிடுகிறார்கள். கந்தமாறனின் தங்கை மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. நாவலோ அவளுடைய மரணத்தில்தான் வந்து முடிகிறது. சேந்தன் அமுதன் வந்து போகிறான். பூங்குழலி அலைகடலில் அழகாக நிற்கிறாள், ஆனால் அரியணை வரை வருவதில்லை.

ஆகவே, படம் நாவலைச் சுருக்கவில்லை, தேர்ந்தெடுத்திருக்கிறது. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்ற முடிவில்தான் ஒரு படைப்பின் மனசு தெரிகிறது. ‘என்ன வேறுபாடு?’ என்று கேட்டால் பட்டியல்தான் வரும். ‘யாரை விட்டுவிட்டார்கள்? விட்டதால் கதை யாருடைய கதையாக மாறியது?’ என்று கேட்டால்தான் விமர்சனம் தொடங்கும். என் மாணவன் கேட்டது இந்தக் கேள்வியைத்தான்.

கல்கியையும் கேட்க வேண்டும்

விடுமுறை முடிந்து வகுப்பில் இதைப் பேசினோம். கல்கியைத் தூக்கி வைத்துவிட்டுப் படத்தைக் கீழே போட்டால் அதுவும் நேர்மையாகாது. அதனால் அதே கேள்வியை நாவலிடமும் கேட்கச் சொன்னேன்.

“சேந்தன் அமுதன் நிஜமாவே வெறும் பூக்கட்டுற பையனா இருந்திருந்தா, கல்கி அவனுக்கு மகுடம் கொடுத்திருப்பாரா?”

கொஞ்ச நேரம் அமைதி. பதினெட்டு வேறுபாடு எழுதிய மாணவிதான் சொன்னாள்: “கொடுத்திருக்க மாட்டாரு டீச்சர். ராஜா ரத்தம் இருந்ததாலதான் கொடுத்தாரு.”

சரியான விமர்சனம். தாழ்ந்த இடத்திலிருந்து ஒருவனை உயர்த்த கல்கிக்கு ஆசை இருக்கிறது. ஆனால் அவன் பிறப்பிலேயே உயர்ந்தவன்தான் என்று ரகசியமாக ஒரு சான்றிதழை அவன் மடியில் வைத்துவிட்டுத்தான் உயர்த்துகிறார். ஆசையும் தயக்கமும் சேர்ந்தே இருக்கின்றன.

இன்னொரு மாணவன் மறுத்தான்: “அப்ப பூங்குழலிக்கு? அவளுக்கு ராஜா ரத்தம் இல்லையே.” அதுவும் உண்மை. கலங்கரை விளக்கத்துக் காவலாளியின் மகள் அவள். அவளுக்கு எந்த ரகசியப் பிறப்பும் கிடையாது. நாவலில் அவளும் கொடும்பாளூர் இளவரசி வானதியும் மோதிக்கொள்ளும் இடத்தில், அவள் குத்திப் பேசியதால்தான் வானதி ‘சிங்காதனத்தில் உட்கார மாட்டேன்’ என்று சபதமே போடுகிறாள். கடைசியில் படகுக்காரி உட்காருகிறாள், இளவரசி உட்காரவில்லை. கல்கி இதைத் திட்டம் போட்டே செய்திருக்கிறார்.

இருபது நிமிடம் விவாதம் நடந்தது. நான் அதிகம் பேசவில்லை.

கடாரத்திலிருந்து பார்த்தால்

நம் கெடா மாணவர்களுக்கு இந்த நாவலில் தனியாக ஒரு பெருமை உண்டு. “நாமதானே டீச்சர் கடாரம்?” என்பார்கள். 2019-ல் விக்ரம் நடித்த ‘கடாரம் கொண்டான்’ வந்தபோதும் அதே குஷி. ஆனால் ‘பொன்னியின் செல்வன்’ கதையில் கடாரப் படையெடுப்பு கிடையாது. அது ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் காலத்தில், 1025 வாக்கில் நடந்தது. அதைத் தொடும் கதை வேண்டுமென்றால் அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ இருக்கிறது.

இருந்தாலும் கடாரத்துக்கு இந்தக் கதையில் ஒரு வாசல் உண்டு. விஷக்காய்ச்சலில் கிடக்கும் அருள்மொழி நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் புத்த பிக்குகளின் பராமரிப்பில் பிழைக்கிறான் அல்லவா? வரலாற்றில் அந்த விகாரம் ஸ்ரீவிஜயம், கடாரம் ஆண்ட அரசர்களால் கட்டப்பட்டது. ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடுகள்தாம் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகருக்குப் போய், ‘லெய்டன் செப்பேடுகள்’ என்று பெயர் வாங்கின. நாவல் நடக்கும் காலத்தை விட விகாரத்தின் காலம் பிந்தியது, 1006-ஐ ஒட்டியது. கல்கி கதைக்காக அதை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பிள்ளைகளை ஒரு நாள் மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். ஜெராய் மலையடிவாரத்தில் புக்கிட் பத்து பாஹாட் கோயிலின் கல் அடித்தளத்துக்குப் பக்கத்தில் நின்று இதையெல்லாம் சொன்னேன். கடாரத்து அரசன் சோழ நாட்டில் விகாரம் கட்டினான், சோழன் ஊரைக் கொடுத்தான், இருபது வருடம் கழித்து அந்தச் சோழனின் மகனே கப்பலேறி வந்து இந்த ஊரை அடித்தான்.

ஒரு மாணவி கேட்டாள்: “அப்ப இங்க இருந்தவங்க என்ன ஆனாங்க?”

இந்த மண்ணில் நின்றுகொண்டு ‘கடாரம் கொண்டான்’ என்று மார்தட்டும்போது, தோற்ற ஊரில் நின்றுகொண்டு ஜெயித்தவன் பெயரைச் சொல்கிறோம் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அதோடு, என் வகுப்புப் பிள்ளைகளின் கொள்ளுத்தாத்தாக்கள் சோழர் கப்பலில் வந்தவர்கள் அல்லர். கங்காணி கூட்டி வந்து, ரப்பர்த் தோட்டத்துப் பிரட்டில் நிறுத்தப்பட்டவர்கள். 1938-ல் இந்திய அரசு தடை போடும்வரை அப்படி வந்துகொண்டே இருந்தார்கள். சோழர் பெருமை சொல்லும் கதை அவர்களை விட்டுவிடுகிறது. அப்படியானால் அவர்களைப் பற்றிய கதை எது, அது படமானபோது என்ன ஆனது என்று பார்க்க வேண்டாமா?

பரதேசி

இதற்கு நெருங்கின ஒன்று இருக்கிறது. பால் ஹாரிஸ் டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-ல் வெளிவந்த ‘ரெட் டீ’. இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு மேஸ்திரியின் பேச்சை நம்பிப் போன தமிழ்நாட்டுக் கூலிகளின் கதை. எழுதியவர் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக வேலை பார்த்தவர். இதைத் தழுவித்தான் பாலா 2013-ல் ‘பரதேசி’ எடுத்தார். வசனம் நாஞ்சில் நாடன்.

தேயிலையும் ரப்பரும் வேறுதான். ஆனால் முன்பணம், கங்காணி, லயம், தீராத கடன் எல்லாம் ஒன்றுதான். அந்தப் படம் தொலைக்காட்சியில் வந்தபோது என் அப்பா, “இது நம்ம ஆளுங்க கதைதான்” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். திரும்பி உள்ளே வரவில்லை. அந்த அளவுக்குப் படத்துக்குச் சக்தி இருக்கிறது. மலையை நோக்கி வரிசையாக நடக்கும் அந்த நீண்ட பயணக் காட்சியை நான் மறக்கவே மாட்டேன்.

ஆனாலும் அதே கேள்வியைக் கேட்டேன்: யாரை விட்டுவிட்டார்கள்?

நாவலில் கருப்பனும் வள்ளியும் கணவன் மனைவியாகச் சேர்ந்தே மலையேறுகிறார்கள். பட்டினி, காய்ச்சல், அவமானம் எல்லாவற்றையும் இரண்டு பேரும் சேர்ந்து தாங்குகிறார்கள். படத்தில் ராசா தனியாகப் போகிறான். அங்கம்மா ஊரில் இருந்துவிடுகிறாள். கடைசிக் காட்சியில்தான் குழந்தையோடு வந்து சேர்கிறாள், அவனுடைய கதறலோடு படம் முடிகிறது. சினிமாவுக்கு அது பலமான முடிவு. ஆனால் தோட்டத்தில் ஒரு குடும்பம் எப்படி உழைத்தது, ஒரு பெண் எப்படி அங்கே நாளைக் கடத்தினாள் என்பதை நாவல் முதலிலிருந்தே சொல்கிறது. படத்தில் மரகதத்தின் வழியாக அதில் ஒரு பகுதி வருகிறது. ஆனாலும் கதை ராசாவின் துக்கமாகவே நிற்கிறது. என் பாட்டியை நான் வள்ளியிடம் பார்த்தேன். அங்கம்மாவிடம் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது, அந்த மருத்துவர். நாவலின் பிற்பகுதியில் தொழிலாளர்களை மனிதர்களாகப் பார்க்கும் ஒரு மருத்துவர் வருகிறார். படம் அவரை ஆடிப்பாடி மதம் பரப்பும் கேலிப்பாத்திரமாக மாற்றிவிட்டது. எழுதியவரே ஒரு தோட்டத்து மருத்துவர் என்பதை நினைத்துப் பாருங்கள். நேரில் பார்த்து எழுதியவரின் சாட்சியைப் படம் வெளியே தள்ளிவிட்டது. அதனால்தான் படம் பார்த்து முடிக்கும்போது பரிதாபம் மட்டும் மிஞ்சுகிறது. நாவலைப் படித்து முடிக்கும்போது கூடவே கோபமும், ‘இதை மாற்ற முடியும்’ என்ற எண்ணமும் வருகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் எதைக் கொடுக்கிறோம் என்பது முக்கியம். நம் முன்னோர் அழுதார்கள் என்பது மட்டும் போதாது. அவர்கள் குடும்பம் நடத்தினார்கள், கதை கேட்டார்கள், போராடினார்கள், நம்மைப் பள்ளிக்கும் அனுப்பினார்கள்.

வகுப்பில் என்ன செய்யலாம்?

இப்போதெல்லாம் நான் ‘வேறுபாடுகளைப் பட்டியலிடுக’ என்று கேட்பதில்லை. மூன்று கேள்வி மட்டும் கொடுக்கிறேன். படம் விட்டுவிட்ட ஒரு பாத்திரத்தைச் சொல். அந்தப் பாத்திரம் இருந்திருந்தால் கதை எப்படி மாறியிருக்கும்? நாவலே யாரையாவது விட்டுவிட்டதா? மூன்றாவது கேள்வி முக்கியம். அது இல்லாவிட்டால் ‘நாவல் உசத்தி, படம் மட்டம்’ என்ற பழைய பல்லவியில் போய் முடிந்துவிடும்.

அடுத்து, நம் ஊர் நாவல்களையும் தலைகீழாக இப்படிப் பயன்படுத்தலாம். சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ தோட்ட வாழ்க்கையைச் சொல்கிறது. கோ. புண்ணியவானின் ‘கையறு’ சயாம் மரண ரயிலைச் சொல்கிறது. இரண்டு பேரும் நம் கெடா எழுத்தாளர்கள். ஓர் அத்தியாயத்தைக் கொடுத்து, “இதைப் பத்து நிமிடப் படமாக எடுக்க வேண்டும். யாரை வைத்துக்கொள்வாய், யாரை விடுவாய், ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள். விட வேண்டிய ஆளைத் தேடுவதற்காகவே அவர்கள் அத்தியாயத்தை இரண்டு முறை படிப்பார்கள். என் வகுப்பில் அப்படித்தான் நடந்தது.

கடைசியாக அந்தப் பையன் விஷயம். படம் யாரை விட்டது என்று இவ்வளவு பேசுகிறேனே, என் வகுப்பில் நான் யாரை விட்டிருந்தேன்? சிரிப்பார்கள் என்று சொல்லி அவனை வாசிக்கவே விடவில்லை. அவனுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, கம்பி மாட்டும் துணைப் பாத்திரமாக ஆக்கிவைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, முடிசூட்டுப் பகுதியை நகலெடுத்துப் போய் அவன் கையில் கொடுத்தேன். “நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுல இருக்கு. நீயே வாசிச்சுச் சொல்லு” என்றேன். நான்கைந்து பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. ‘ழ’கரம் உதைத்தது, சில நீண்ட சொற்களில் நின்று நின்று ஏறினான். முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு கதை என்ன ஆகிறது என்ற ஆவலில் அவர்களும் அடங்கிவிட்டார்கள். மகுடம் சேந்தன் அமுதன் தலைக்குப் போன இடத்தில் அவன் நிறுத்தி, தாளிலிருந்து தலையைத் தூக்கி, “டீச்சர், இவன்தான் ராஜாவா?” என்றான்.

“ஆமாப்பா. எங்க பாட்டி அப்பவே சொன்னாங்க” என்றேன்.

இப்போது அவன் ஐந்தாம் பாகத்தைக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருக்கிறான். மெதுவாகத்தான் போகிறது. போகட்டும், கல்கி எழுதவே மூன்றரை வருடம் எடுத்துக்கொண்டார்.

உங்கள் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தால், பிள்ளைகள் யாரைச் சொன்னார்கள் என்று நம் சங்கத்தின் புலனக் குழுவில் எழுதுங்கள். சேர்த்து ஒரு பயிற்றியாகத் தொகுத்துவிடலாம்.